100 வாட் இன்வெர்ட்டர் வீட்டில் கட்டுவது: சர்க்யூட், டிரான்ஸ்ஃபார்மர், சூடு பற்றிய இழை

முகப்பு_வயரிங்

12 வோல்ட் பேட்டரியில் ஓடுகிற 100 வாட் சதுர அலை இன்வெர்ட்டர் பற்றி மட்டும் இங்கே பேசுவோம். மூன்று 9 வாட் எல்இடி, வைஃபை ரூட்டர், ஒரு லேப்டாப் சார்ஜர், அவ்வளவுதான் சுமை. ஃபிரிட்ஜ், மோட்டார், மிக்ஸி என்று வருகிறவர்கள் கடையில் சைன் வேவ் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த சர்க்யூட்டைப் பெரிதாக்கி அங்கே போய்ச் சேர முடியாது.

வெளியே வருவது 230 வோல்ட். பேட்டரியிலிருந்து வருவதால் ஈபி கரண்டை விட சாதுவானது இல்லை. மூடிய பெட்டி, மூன்று பின் சாக்கெட், இரண்டு பக்கமும் ஃபியூஸ். இவை இல்லாமல் தொடங்க வேண்டாம்.

ஆசிலேட்டருக்கு (அலையை உண்டாக்கும் பகுதி) சிடி4047 ஐசி. பின் (ஐசியின் கால்) 4, 5, 6, 14 பிளஸ்ஸுக்கு. பின் 7, 8, 9, 12 மைனஸுக்கு. 1க்கும் 3க்கும் நடுவே 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர். 2க்கும் 3க்கும் நடுவே 39 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதோடு தொடராக 10 கிலோ ஓம் பிரீசெட் (திருகி அளவு மாற்றும் ரெசிஸ்டர்). 10, 11 இரண்டிலும் எதிரெதிர் சதுர அலை வரும். ஒரு அலையின் காலம் 4.4 × ஆர் × சி. 50 ஹெர்ட்ஸுக்கு 20 மில்லி செகண்ட், ஆக ஆர் 45.45 கிலோ ஓம். பிரீசெட் நடுவை ஒட்டி நிற்கும். பின் 13இல் இதைப்போல இரண்டு மடங்கு, 100 ஹெர்ட்ஸ் காட்டும். அங்கே மீட்டரை வைத்து 50 வரவில்லையே என்று திருகிக்கொண்டிருக்காதீர்கள்.

கெப்பாசிட்டர் மைலார் வகையாக இருக்கட்டும். வட்டமான செராமிக் போட்டால் மதிய வெயிலில் ஒரு ஃபிரீக்வென்சி, விடியற்காலையில் வேறு.

பிரீசெட்டின் நடுக்காலை ஒரு ஓரக்காலோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுங்கள். தூசியில் நடுக்கால் தொடர்பு விட்டாலும் முழு 10 கிலோவும் சர்க்யூட்டில் நிற்கும், அலை 46 ஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருக்கும். சேர்க்காமல் விட்டால் ஆசிலேட்டர் நின்றுபோகும். நின்றால் ஒரு மாஸ்ஃபெட் (ஸ்விட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர், திறந்தால் கரண்டை விடும், மூடினால் நிறுத்தும்) திறந்தபடியே இருக்கும், டிரான்ஸ்ஃபார்மருக்குள் நேராக டிசி பாயும். அப்புறம் ஃபியூஸ் முந்துகிறதா மாஸ்ஃபெட் முந்துகிறதா என்பதுதான் கேள்வி.

மாஸ்ஃபெட் ஐஆர்எஃப்இசட்44என், பக்கத்துக்கு ஒன்று. 55 வோல்ட் தாங்கும், திறந்தால் 17.5 மில்லி ஓம். அதன் மூன்று கால்களில் கேட் திறக்க, மூட; டிரெய்னும் சோர்ஸும் கரண்ட் போகும் வழி. பின் 10இலிருந்து 100 ஓம் வழியாக ஒரு கேட், பின் 11இலிருந்து 100 ஓம் வழியாக இன்னொன்று. ஒவ்வொரு கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே 10 கிலோ ஓம். சோர்ஸ் இரண்டும் பேட்டரி மைனஸ். டிரெய்ன் இரண்டும் டிரான்ஸ்ஃபார்மரின் இரு முனை. நடு டேப் (சுருளின் நடுவிலிருந்து எடுத்த முனை) பேட்டரி பிளஸ், அதன் பக்கத்திலேயே 4700 மைக்ரோ, 25 வோல்ட் கெப்பாசிட்டர்.

ஐசியின் சப்ளையை நேராக எடுக்காமல் 100 ஓம் வழியாக எடுத்து, 100 மைக்ரோ கெப்பாசிட்டரும் 15 வோல்ட் ஜீனரும் (1என்4744, வோல்ட்டை 15க்கு மேல் விடாத டையோடு) போடுங்கள். மாஸ்ஃபெட் மூடும்போது வருகிற துள்ளல் ஐசியைத் தொடாது. டிரெய்னிலிருந்து சோர்ஸுக்கு 1.5கேஇ39ஏ என்ற துள்ளல் பிடிக்கும் டையோடு ஒவ்வொன்று. மூடியிருக்கும் மாஸ்ஃபெட்டின் மேல் பேட்டரியைப் போல இரண்டு மடங்கு, 28 வோல்ட் வரை சும்மாவே நிற்கும். அதற்கு மேல் வருவதை இது 54 வோல்ட்டுக்குள் பிடித்துவிடும்.

பேட்டரி பிளஸ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 15 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ். வெளிப்பக்கம் 1 ஆம்பியர். பேட்டரி, டிரான்ஸ்ஃபார்மர், மாஸ்ஃபெட் வழி 2.5 ஸ்கொயர் எம்எம் வயரில் நேராகப் போகட்டும். 11 ஆம்பியரை டாட் போர்டின் செம்புத் தடத்தில் விட்டால் தடமே ஃபியூஸாகிவிடும்.

---

கானாடுகாத்தான்_12வி

அண்ணே, இதே சர்க்யூட்தான். டிரான்ஸ்ஃபார்மர் 9-0-9 (நடு டேப்புக்கு ரெண்டு பக்கமும் 9 வோல்ட்), 5 ஆம்பியர். சுமை எதுவும் மாட்டாமலே 3 ஆம்பியருக்கு மேல் இழுக்குது, உறுமுது, பத்து நிமிஷத்துல கை வைக்க முடியல. மீட்டர்ல 300க்கு மேல காட்டுது. ஆனா 12-0-12 போட்டா பல்பு எரியும்போது 190-200தான் வரும்னு எல்லாரும் 9-0-9தான் சொல்றாங்க. மாஸ்ஃபெட் ரெண்டும் மாத்தியாச்சு, அதே கதை.

---

சுருள்கடை

மாஸ்ஃபெட்டில் ஒன்றும் இல்லை தம்பி, உங்கள் கோர் (சுருளுக்கு நடுவே உள்ள இரும்பு) காந்தத்தால் நிறைந்துபோகிறது. இன்வெர்ட்டர் சூடு என்று சர்க்யூட்டை நோண்டுகிறவர்கள் பெரும்பாலும் பார்க்காத இடம் இது.

டிரான்ஸ்ஃபார்மர் இரும்புக்கு வோல்ட் மட்டும் கணக்கில்லை, அந்த வோல்ட் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதும் சேர்த்துத்தான் கணக்கு. 9 வோல்ட் சைன் அலை என்றால் அரை அலைக்கு, அதாவது 10 மில்லி செகண்டுக்கு, சராசரி 8.1 வோல்ட். பெருக்கினால் 81. அந்தச் சுருளை 81க்குத்தான் சுற்றியிருக்கிறார்கள். நீங்கள் கொடுப்பது 12 வோல்ட் தட்டையான சதுர அலை, முழு 10 மில்லி செகண்ட். 120. ஒன்றரை மடங்கு. இரும்பு அவ்வளவு காந்தத்தை ஏற்காது. ஏற்காத நேரத்தில் சுருள் வெறும் செம்புக் கம்பி மாதிரி நடந்துகொள்ளும். அதுதான் அந்த 3 ஆம்பியர், அதுதான் உறுமல்.

12-0-12க்கு இதே கணக்கு: சைனில் 108, சதுரத்தில் 120. பதினோரு சதவீதம் கூட. நல்ல ஸ்டாம்பிங் (கோரின் இரும்புத் தகடுகள்) தாங்கும். ஆனால் பேட்டரி சார்ஜில் இருந்து 13.8 நின்றால் 138, அப்போது அதுவும் முனகும். கடை டிரான்ஸ்ஃபார்மர்களில் இரும்பை மிச்சம் பிடித்தே சுற்றியிருப்பார்கள். சும்மா ஓடும்போது 1 ஆம்பியருக்குள் இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம், 2 தாண்டினால் வேண்டாம்.

வோல்ட் குறைவது உண்மைதான். 12-0-12 என்று எழுதியிருப்பது முழுச் சுமையில். சும்மா அளந்தால் 13 வரும். அப்படியென்றால் விகிதம் 230க்கு 13, திருப்பிப் போட்டால் 12 வோல்ட்டுக்கு 212. மாஸ்ஃபெட், வயர், சுருள் எல்லாம் தின்றது போக 190. உங்கள் எல்இடி, ரூட்டர் அடாப்டர், லேப்டாப் சார்ஜர் எதுவும் 190ஐப் பொருட்படுத்தாது. பின்னால் 100-240 என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அதற்காக 9-0-9 போட்டு இரும்பை வேகவைக்க வேண்டியதில்லை.

---

தேவகோட்டை_ரோடு

அவ்வளவு சுத்துவானேன், பிரீசெட்டைத் திருகி ஃபிரீக்வென்சியை ஏத்திட்டா சரியாப் போச்சு.

---

சுருள்கடை

இரும்புக்குச் சரி. ஆனால் 9-0-9 நிம்மதியாக ஓட 74 ஹெர்ட்ஸ் வேண்டும். வெளியே 300 வோல்ட் அப்படியேதான் நிற்கும். 12-0-12இல் 50க்கு பதில் 53, 54 வைத்துக்கொள்ளலாம், சார்ஜர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. 50க்குக் கீழே மட்டும் இறக்காதீர்கள்.

---

மின்மினி_பள்ளத்தூர்

கானாடுகாத்தான் தம்பியின் 300ஐ அப்படியே நம்ப வேண்டாம். சாதா மல்டிமீட்டர் ஏசியைச் சராசரி எடுத்து 1.11ஆல் பெருக்கிக் காட்டும். அந்த 1.11 சைன் அலைக்கு மட்டும் பொருந்துகிற எண். சதுர அலையில் உண்மையில் 230 இருந்தால் அது 255 என்று காட்டும். ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர் (எந்த வடிவ அலைக்கும் உண்மையான வோல்ட்டைக் காட்டுவது) இல்லாதவர்கள் சதுர அலையில் காட்டுவதை 1.11ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

9-0-9 எல்லா இடத்திலும் தப்பு என்றும் இல்லை. கடை இன்வெர்ட்டர்களில் 8.5-0-8.5, 9-0-9 வகைச் சுருள்கள்தான் இருக்கும், அவை உறுமுவதில்லை. அங்கே அலையின் வடிவம் வேறு. அரை அலையின் 10 மில்லி செகண்டில் பாதி நேரம் மட்டும் மாஸ்ஃபெட் திறந்திருக்கும், மீதி நேரம் இரண்டும் மூடியிருக்கும். படி அலை. 12 வோல்ட் × 5 மில்லி செகண்ட் = 60. சுருள்கடை அண்ணன் சொன்ன 81க்குள் அடங்குகிறது. வெளியே உச்சம் 300க்கு மேல் போகும், ஆனால் பாதி நேரம்தான் என்பதால் ஆர்எம்எஸ் 230ஐ ஒட்டி நிற்கும். லேப்டாப் சார்ஜருக்கு 325ஐ ஒட்டிய உச்சம் கிடைப்பதும் நல்லது, ஈபி கரண்ட்டில் அது பார்க்கிற உச்சம் அதுதான்.

ஆக கையில் 9-0-9 இருக்கிறது, வீணாக்க மனமில்லை என்றால் 4047ஐ விட்டு எஸ்ஜி3525 ஐசிக்கு மாறுங்கள். ஆசிலேட்டரை 100 ஹெர்ட்ஸில் வைத்தால் வெளியே 50. அந்த வேகத்தை வைக்கும் கெப்பாசிட்டர் (சிடி) 0.1 மைக்ரோ, ரெசிஸ்டர் (ஆர்டி) 143 கிலோ ஓம் ஒட்டி. 120 கிலோ ஓமும் 47 கிலோ பிரீசெட்டும் தொடராகப் போட்டால் சரிக்கட்டலாம். துடிப்பின் அகலத்தைப் பின் 2இன் வோல்ட் கட்டுப்படுத்தும். வெளி வோல்ட்டைச் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வழியாக எடுத்து, டையோடு பாலம் போட்டுப் பின் 1க்குத் திருப்பிக் கொடுத்தால் சுமை ஏறும்போது அகலத்தை அதுவே கூட்டிக்கொள்ளும். இரண்டு மாஸ்ஃபெட்டும் ஒரே நேரம் திறக்காதபடி இடைவெளியும் உள்ளேயே உண்டு. 4047இல் அந்த இடைவெளி கிடையாது.

படி அலையில் சாதா மீட்டர் தலைகீழாக ஏமாற்றும். உண்மையில் 230 இருக்கும்போது 180 காட்டும். 180ஐ 230 ஆக்குகிறேன் என்று அகலத்தைக் கூட்டிக் கருவிகளைச் சுட்டுவிடாதீர்கள். 60 வாட் குண்டு பல்பு ஒன்றை ஈபியில் எரியவிட்டு வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, இன்வெர்ட்டரில் அதே வெளிச்சம் வரும்வரை திருகுங்கள். குண்டு பல்பு எந்த அலைக்கும் உண்மையான ஆர்எம்எஸ் மீட்டர்தான்.

---

கானாடுகாத்தான்_12வி

நன்றி ஆச்சி. 12-0-12 வாங்கிடுறேன். 5 ஆம்பியர் போதுமா, 100 வாட் தருமா?

---

சுருள்கடை

100 தராது. 5 ஆம்பியர் என்பது கம்பி தாங்குகிற ஆர்எம்எஸ். புஷ்-புல்லில் (இரண்டு மாஸ்ஃபெட்டும் மாறி மாறி ஓடும் இந்த அமைப்பில்) ஒவ்வொரு பாதிச் சுருளும் பாதி நேரம் மட்டும் வேலை செய்வதால் 7 ஆம்பியர் வரை இழுக்கலாம். 12 × 7 = 84 வாட் உள்ளே. வெளியே 65, கூடினால் 70. உங்கள் பல்பும் ரூட்டரும் அதில் அடங்கும், லேப்டாப் சார்ஜர் 65 வாட் என்றால் அடங்காது.

முழு 100 வேண்டுமென்றால் சுற்றிக்கொள்வது நல்லது. அளவு தருகிறேன். ஒன்றரை அங்குல நாக்குள்ள ஈ-ஐ ஸ்டாம்பிங், ஒன்றரை அங்குலம் அடுக்கு. இரும்பின் குறுக்குப் பரப்பு 14.5 சதுர செ.மீ., இடைவெளி போக 13.8. சதுர அலைக்கு 1 டெஸ்லா வைத்தால் வோல்ட்டுக்கு 50 ÷ 13.8 = 3.62 சுற்று. 12 வோல்ட்டுக்கு 44. அதாவது 44-0-44. கம்பி 15 கேஜ். வளைக்க முரண்டு பிடித்தால் 18 கேஜ் இரட்டையாக. மேலே 230 பக்கம் 26 கேஜ், 900 சுற்று.

சும்மா ஓடும்போது 255 ஒட்டி வரும், 100 வாட்டில் 215-220க்கு இறங்கும். 14 வோல்ட்டில் ஓடினாலும் இரும்பு 1.15 டெஸ்லாதான் பார்க்கும், சத்தமே வராது.

44ஐச் சுற்றி முடித்து அதன் மேல் இன்னொரு 44 சுற்றாதீர்கள். இரண்டு கம்பியையும் சேர்த்துப் பிடித்து ஒரே ஓட்டமாக 44 சுற்றுங்கள். முதல் கம்பியின் கடைசி முனையும் இரண்டாவதன் ஆரம்ப முனையும் சேர்ந்தால் நடு டேப். மேலே கீழே சுற்றினால் மேல் சுருளின் கம்பி நீளம் கூடும், ஒரு பக்க மாஸ்ஃபெட் மட்டும் சூடாகும், மூடும்போது துள்ளலும் அதிகம். இரண்டு சுருள்களுக்கு நடுவே லெதராய்டு பேப்பர் மூன்று சுற்று. 26 கேஜில் ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு மெல்லிய தாள். கடைசியில் வார்னிஷில் முக்கி உலர்த்துங்கள். வார்னிஷ் போடாத டிரான்ஸ்ஃபார்மர் தகடு தகடாகப் பாடும்.

பழைய ஸ்டாம்பிங்கில் துரு இருந்தால் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். அந்தத் தகட்டின் மேல்பூச்சுதான் தகடுகளைப் பிரித்துவைக்கிறது.

---

தேவகோட்டை_ரோடு

பழைய 600 விஏ கம்ப்யூட்டர் யுபிஎஸ் டிரான்ஸ்ஃபார்மர் சும்மா கிடக்குது. 600ல 100 எடுத்தா கவலையே இல்லையே?

---

மின்மினி_பள்ளத்தூர்

600 விஏ என்பது பத்து நிமிடத்துக்கான 600. பேட்டரி அதற்குள் தீர்ந்துவிடும் என்று தெரிந்தே சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் அது. 100 வாட்டை நாள் முழுக்க எடுத்தால் சின்ன ஃபேன் ஒன்று ஊதிக்கொண்டிருக்க வேண்டும்.

அதை விட முக்கியம், அது படி அலைக்குச் சுற்றியது. 4047ஐ நேராகக் கொடுத்தால் 9-0-9 கதைதான். முதலில் அளந்து பாருங்கள். தடிமன் கம்பி பக்கத்தைத் திறந்துவிட்டு, மெல்லிய கம்பி பக்கம் 230 வோல்ட்டை 60 வாட் சீரீஸ் பல்பு வழியாகக் கொடுங்கள். அந்தப் பக்கம் டேப் பல இருக்கும். இரண்டிரண்டாக எடுத்து, ஓம் அதிகம் காட்டுகிற ஜோடியில் கொடுக்க வேண்டும். பல்பு எரியாமல் இருந்தால் சுருள் நன்றாக இருக்கிறது. தடிமன் பக்கம் பாதிக்கு 12-13 வந்தால் 4047க்கு ஆகும், 7 முதல் 9 வந்தால் 3525க்குத்தான். நடு டேப்பே இல்லாமல் இரண்டு தடித்த முனை மட்டும் இருந்தால் அது நான்கு மாஸ்ஃபெட் பாலத்துக்கான டிரான்ஸ்ஃபார்மர், இந்த சர்க்யூட்டில் உட்காராது.

---

முகப்பு_வயரிங்

சோதனை முறையை எழுதிவிடுகிறேன். முதல் ஐந்து நிமிடத்தில்தான் பாதிப் பேருக்கு மாஸ்ஃபெட் போகிறது.

மாஸ்ஃபெட் மாட்டாமல் ஐசிக்கு மட்டும் 12 வோல்ட். மீட்டரை டிசியில் வைத்துப் பின் 10, பின் 11 பாருங்கள். இரண்டிலும் பாதி, 6 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். ஒன்றில் 12, ஒன்றில் 0 என்றால் ஆசிலேட்டர் ஓடவில்லை. மேலே போகாதீர்கள்.

அடுத்து மாஸ்ஃபெட்டைப் பொருத்தி, நடு டேப்புக்குப் போகும் பிளஸ் லைனில் 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பைத் தொடராகப் போடுங்கள். ஐசியின் சப்ளை மட்டும் பல்புக்கு முன்னால் நேராகப் பேட்டரியிலிருந்து வரட்டும், இல்லையென்றால் அதற்கும் வோல்ட் குறைந்து குழப்பும். பல்பு எரியாமலோ மங்கலாகவோ இருந்தால் சரி. பளிச்சென்று எரிந்தால் எங்கோ நேராகப் போகிறது.

அப்படிப் பளிச்சென்று எரிவதற்கு நம்பர் ஒன் காரணம் ஹீட் சிங்க். மாஸ்ஃபெட்டின் முதுகு உலோகம்தான் டிரெய்ன். இரண்டையும் ஒரே அலுமினியத்தில் மைக்கா இல்லாமல் திருகினால் டிரான்ஸ்ஃபார்மரின் இரு முனையும் ஒன்றாகிவிடும். மைக்கா போட்டும் திருகுக்கு பிளாஸ்டிக் புஷ் போடாமல் விடுகிறவர்கள் உண்டு. கரண்ட் திருகு வழியாகப் போய்விடும். திருகி முடித்ததும் ஒவ்வொரு முதுகுக்கும் அலுமினியத்துக்கும் நடுவே மீட்டர் பீப் அடிக்கக் கூடாது.

100 வாட் சுமையில் ஒரு மாஸ்ஃபெட்டில் வீணாவது ஒன்றரை, இரண்டு வாட்தான். விரல் நீள அலுமினியம் போதும். பெரிய ஹீட் சிங்க் போட்டால்தான் தாங்குகிறது என்றால் கோளாறு வேறு இடத்தில்.

---

வளவுக்குள்ளே

பேட்டரி தீரும்போது தானாக நிற்க, லோ கட் எப்படிச் சேர்ப்பது? 4047இன் பின் 9 ரீசெட் என்கிறார்களே, கம்பாரட்டரை (இரண்டு வோல்ட்டை ஒப்பிடும் சர்க்யூட்) அதில் கொடுத்தால் போதுமா?

---

மின்மினி_பள்ளத்தூர்

கூடவே கூடாது. ரீசெட் ஆனால் பின் 10 தாழ்ந்து பின் 11 உயர்ந்து நிற்கும். அப்படியே நிற்கும். ஒரு மாஸ்ஃபெட் நிரந்தரமாகத் திறந்து, பேட்டரி முழுக்க அரைச் சுருளில் கொட்டும். காப்பாற்றப் போட்ட கட் சர்க்யூட்டே எரிக்கும். பின் 5ஐத் தாழ்த்தி ஆசிலேட்டரை நிறுத்துவதிலும் இதே ஆபத்து.

நிறுத்த வேண்டியது கேட்டை. ஒவ்வொரு கேட்டிலிருந்தும் ஒரு 1என்4148 டையோடு, இரண்டின் கேத்தோடும் சேர்ந்து ஒரு பிசி547இன் கலெக்டருக்கு, எமிட்டர் மைனஸுக்கு. டிரான்சிஸ்டர் திறந்தால் இரண்டு கேட்டும் 0.9 வோல்ட்டுக்கு இறங்கும். இசட்44 திறக்கக் குறைந்தது 2 வோல்ட் வேண்டும், ஆக இரண்டும் மூடிவிடும். ஆசிலேட்டர் பாட்டுக்கு ஓடட்டும்.

பேட்டரியைப் பார்க்கக் கம்பாரட்டராக எல்எம்358 ஐசி, ஒப்பிட 5.1 வோல்ட் ஜீனர். 10.5 வோல்ட்டில் வெட்டு. வெட்டியதும் சுமை போய்ப் பேட்டரி தானாகவே 11.5, 12 என்று ஏறும். அப்போது மறுபடி ஓடத் தொடங்கினால் டக் டக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். அவுட்புட்டிலிருந்து பிளஸ் உள்ளீட்டுக்கு ஒரு பெரிய ரெசிஸ்டர் போட்டுத் திரும்ப ஓடும் அளவை 12.5க்கு மேல் தள்ளுங்கள்.

---

வளவுக்குள்ளே

மெத்த நன்றி. இன்னொன்று. பேட்டரி முகப்பில், வேண்டிய வெளிச்சம் இரண்டாங்கட்டிலும் (வீட்டின் உள்பகுதி) அடுப்படியிலும். 12 வோல்ட் வயரை உள்ளே இழுத்து இன்வெர்ட்டரை அடுப்படியில் வைக்கலாமா?

---

முகப்பு_வயரிங்

நம் செட்டிநாட்டுப் பக்கத்து வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறவை. முகப்பிலிருந்து அடுப்படிக்கு 30 மீட்டர் சாதாரணம். 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு கிலோமீட்டருக்கு 7.41 ஓம். போக வர 60 மீட்டருக்கு 0.44 ஓம். 10 ஆம்பியர் போனால் 4.4 வோல்ட் வழியிலேயே காலி. 12இல் 4.4 போனால் மிச்சம் என்ன இருக்கிறது? அதே வாட்டை 230இல் அனுப்பினால் அரை ஆம்பியர்தான், கால் வோல்ட் கூடக் குறையாது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஒட்டி, ஒரு மீட்டருக்குள். உள்ளே போவது 230.

அந்த 230ஐப் பழைய வயரிங்கில் விடாதீர்கள். தேக்குக் கேசிங்குக்குள் ஓடும் ரப்பர் வயர் தொட்டாலே உதிரும். பல வீடுகளில் நான்கைந்து அறைக்கு ஒரே நியூட்ரல் ஓடுகிறது. இன்வெர்ட்டர் லைனும் ஈபி லைனும் ஒரு நியூட்ரலைப் பகிரவே கூடாது. தனி பிவிசி பைப், தனி சாக்கெட், அதற்கு சிவப்பு ஸ்விட்ச். சுண்ணாம்புப் பூச்சைக் கொத்த மனம் வராது, வரவும் வேண்டாம். விட்டத்தின் ஓரமாகக் கிளிப் அடித்துப் போய்விடலாம்.

இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரால் இன்வெர்ட்டரைச் சுவர் சாக்கெட்டில் குத்தி வீடு முழுக்க எரியவிடும் வித்தை சிலருக்குத் தெரியும். லைன் வேலைக்காக நிறுத்தியிருக்கும்போது அந்த 230 மீட்டர் வழியாக வெளியே போய்த் தெரு டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறும். அங்கே கம்பத்தில் ஆள் இருப்பார். வீட்டு லைனோடு சேர்க்க வேண்டுமென்றால் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் மாற்றுகிற சேஞ்ச்ஓவர், அதுவும் லைசென்ஸ் உள்ள வயர்மேன் கையால்.

நம் டிரான்ஸ்ஃபார்மரின் வெளிச்சுருள் பூமியோடு தொடர்பில்லாமல் மிதக்கிறது. அதனால் ஆர்சிசிபி (பூமிக்குக் கரண்ட் கசிந்தால் விழும் ஸ்விட்ச்) போட்டிருந்தாலும் இன்வெர்ட்டரில் ஓடும்போது அது விழாது. அதை நம்பித் தொடாதீர்கள்.

---

தேவகோட்டை_ரோடு

சீலிங் ஃபேன் ஒண்ணு ஓட்டினா என்ன?

---

சுருள்கடை

பழைய 75 வாட் ஃபேன் ஓடும், ஆனால் ங்... என்று இரைந்துகொண்டே, கூடுதல் சூட்டோடு. ரெகுலேட்டர் கெப்பாசிட்டர் வகை என்றால் சதுர அலையின் செங்குத்தான ஓரம் ஒவ்வொன்றிலும் கெப்பாசிட்டர் கரண்டை வாரி இழுக்கும். ரெகுலேட்டர் போகும், மாஸ்ஃபெட்டும் சேர்ந்து போகலாம். மலிவு எல்இடி பல்புகளில் உள்ளே டிரைவர் இல்லாமல் வெறும் கெப்பாசிட்டர் வைத்ததும் இப்படித்தான் சாகும். 28-35 வாட் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) ஃபேன் தாராளமாக ஓடும். பேட்டரிக்குப் பக்கத்து அறைதான் என்றால் 12 வோல்ட் டிசி ஃபேனே வாங்கி இன்வெர்ட்டரைத் தாண்டிவிடுங்கள், நடுவில் இழப்பே இல்லை.

---

கானாடுகாத்தான்_12வி

7 ஏஹெச் (ஆம்பியர்-மணி) எஸ்எம்எஃப் (தண்ணி ஊத்தாத மூடின வகை) பேட்டரி எவ்வளவு நேரம் வரும்?

---

மின்மினி_பள்ளத்தூர்

40 வாட் சுமை என்றால் பேட்டரியிலிருந்து 4.5 ஆம்பியர். 7ஐ 4.5ஆல் வகுத்து ஒன்றரை மணி நேரம் என்று எண்ண வேண்டாம். அந்த 7 இருபது மணி நேரம் மெதுவாக எடுத்தால்தான். ஒரு மணி நேரத்தில் உறிஞ்சினால் 4.5 ஏஹெச்தான் தரும். ஆக ஒரு மணி நேரம்.

பராமரிப்பு மின்தடை காலை 9இலிருந்து மாலை 5 வரை என்றால் 36 ஏஹெச் தேவை. பாதிக்கு மேல் இறக்காமல் வைத்திருக்க 70-80, டியூபுலர் (தண்ணீர் ஊற்றும் வகை) என்றால் 100 ஏஹெச் வாங்குங்கள். இந்த சர்க்யூட் சார்ஜ் செய்யாது என்பதையும் மறக்க வேண்டாம். தனி சார்ஜர் வேண்டும். எஸ்எம்எஃப்புக்கு 13.6-13.8 வோல்ட், 7 ஏஹெச்சுக்கு 0.7 ஆம்பியர் போதும். 100 ஏஹெச்சுக்கு 10.

டியூபுலரைத் தரையில் நேராக வைக்காதீர்கள், குறிப்பாக ஆத்தங்குடிக் கல் தரையில். அது சிமெண்ட் கல். ஆசிட் ஒரு சொட்டு பட்டால் பொங்கி, அந்த வட்டம் அப்படியே மங்கி நிற்கும், பூவேலையைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. பிளாஸ்டிக் தட்டு, அதில் சோடா உப்பு கொஞ்சம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், அதனால் ஜன்னல் இல்லாத சாமான் அறை வேண்டாம், சாமி விளக்குப் பக்கமும் வேண்டாம். டிஸ்டில்டு வாட்டர் மட்டும். வளவு ஓட்டிலிருந்து அண்டாவில் பிடித்த மழைத் தண்ணீர் குடிக்க எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஓட்டின் தூசியும் சுண்ணாம்பும் அதில் கரைந்திருக்கும். 1953இலிருந்து மின்வேதியியல் ஆய்வகம் ஓடிக்கொண்டிருக்கிற காரைக்குடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேட்டரிக்குக் கிணற்று நீர் ஊற்றுவது அழகில்லை.

---

வளவுக்குள்ளே

கடைசியாக ஒன்று. இசட்44 என்று வாங்குவது அசல்தானா என்று வீட்டில் எப்படிப் பார்ப்பது? எழுத்து எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

---

முகப்பு_வயரிங்

எழுத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, ஓமைப் பாருங்கள். சோர்ஸை மைனஸில் வைத்து, கேட்டுக்கு 12 வோல்ட் கொடுங்கள். பிளஸ்ஸிலிருந்து 12 வோல்ட் 60 வாட் ஹெட்லைட் பல்பு வழியாக டிரெய்னுக்கு. 5 ஆம்பியர் போகும். டிரெய்னுக்கும் சோர்ஸுக்கும் நடுவே மில்லி வோல்ட் ரேஞ்சில், காலின் அடியிலேயே முனையை வைத்து அளந்தால் 70-90 மில்லி வோல்ட் வர வேண்டும். 200க்கு மேல் காட்டினால் உள்ளே இருப்பது சின்னச் சில்லு. வாங்கிய எல்லாவற்றையும் இப்படி அளந்து, ஒரே மாதிரி வருகிற இரண்டை ஜோடியாகப் போடுங்கள்.